பூஜைக்கு வைத்த நாற்காலி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தம்பி சந்திரசேகர், டி.வி.க்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில். அவன் மனைவி சுபாஷிணி, சமையலறை வாசற்படியில், உள்ளே குக்கரையும் வெளியே எங்களையும் ஒரே சமயத்தில் பார்க்கும்படியாக. மாடி வீட்டுப் பூவராகவன், சோபாவில். ராணுவத்தில் இருந்தவர், இப்போது மனைவிக்கு அரசாங்கம் ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் ஓய்வாக இருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் இருப்பதில் நல்ல இருக்கை எதுவோ அது அவருக்குத் தானாக அமைந்துவிடும். நான் ஜன்னலோரத் திவானில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு. என் மின்சாரச் சக்கர நாற்காலி வெளியே வராந்தாவில் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. கூட்டமே அதைப் பற்றித்தான். அதற்கு மட்டும் உள்ளே இடம் போடவில்லை.

விஷயம் இது. சந்திரசேகர் மும்பையில் இருக்கும் விற்பனையாளரிடம் போனில் பேசியிருந்தான். நாற்காலியின் வலது கைப்பக்கம் ஒரு சின்னப் பெட்டியும் அதன்மேல் ஒரு ஸ்டிக்கும் உண்டு. ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் நாற்காலி போகும். விட்டால் ஸ்டிக் தானாக நடுவுக்கு வரும், நாற்காலி நிற்கும். அந்தப் பெட்டியைக் கழற்றி நாற்காலியின் முதுகுப்புறக் கைப்பிடிக்கு மாற்றலாமாம். பின்னால் நிற்பவர் ஓட்டுவார். உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்திருப்பார். ஆனால் வாங்கியவர் எழுத்தில் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்களாம்.

வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் கடிதம் எழுதுகிறவளும் நான்தான். கேஸ் ஏஜென்சிக்கு, தம்பி மகள் ஸ்நேகாவின் பள்ளிக்கு, பூவராகவனின் பென்ஷன் விஷயமாக அவருடைய ரெஜிமெண்டுக்கு, எல்லாவற்றுக்கும். ஆகவே என் கையிலிருந்து ஸ்டிக்கை எடுத்துவிடும்படி கேட்கும் கடிதத்தையும் நானே எழுதவேண்டும் என்று ஆகியிருந்தது.

"நாலு வரி போறும் அக்கா," என்றான் சந்திரசேகர். "மீதியை நான் பாத்துக்கறேன்."

"மீதின்னா எதுடா?"

"எல்லாம்தான்."

பூவராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யக்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மிலிட்டரில வண்டின்னா எப்பவும் ரெண்டு பேரு. ஒருத்தன் ஓட்டுவான். ஒருத்தன் பக்கத்துல குந்திகினு பார்த்துகினே வருவான்."

"அந்த ரெண்டாவது ஆள் என்ன பண்ணுவார்?" என்று சுபா படியிலிருந்து கேட்டாள்.

பூவராகவன் பொய் சொல்லத் தெரியாதவர். "தூங்குவான்," என்றார்.

சுபா சிரித்தாள். சந்திரசேகர் சிரிக்கவில்லை. ஒரு வாரமாகவே அவன் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை காலில் இரும்புப் பட்டையும் கக்கத்தில் கட்டையுமாகத்தான் நடந்தேன். வேலை கிடைத்து டெல்லிக்கு வந்ததும் அப்படித்தான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகம் அதிக தூரமில்லை. காலையில் சந்திரசேகர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான். மாலையில் அவன் வரும்வரை காத்திருப்பேன். அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் சுளிக்காத முகத்துக்காகக் காத்திருப்பதும் காத்திருப்புதான். ஆபீஸ் காலியாகி, சப்ராசி, அதாவது பியூன், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவான். என் தலைக்குமேல் இருப்பதை மட்டும் கடைசியில் அணைப்பான்.

பிறகு தோள் மறுத்துவிட்டது. இனிக் கட்டை கூடாது என்று டாக்டர் சொன்னார். போன வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், இந்த நாற்காலி வந்தது.

வந்த முதல் மாதம் அதை வீட்டுக்குள் மட்டும் ஓட்டினேன். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். வேகத் திருகில் ஒரு முனையில் ஆமை படம், மறு முனையில் முயல் படம். வாசல் சரிவில் ஆமைக்குமேல் போகக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும். பெல்ட் எப்போதும் வேண்டும். பேட்டரியை அடிவரை தீரவிடக் கூடாது; பாதி இருந்தாலும் ராத்திரி சார்ஜில் போட்டுவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. காலிரும்புப் பட்டையின் தோலுக்கு எண்ணெய் போட்டு, திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று தினம் பார்த்துப் பழகியவள் நான். வாசல் சரிவை முதலில் கொத்தனார் செங்குத்தாகக் கட்டிவிட்டார்; அதை இடித்து நீளமாகக் கட்ட வைத்தவன் சந்திரசேகர்.

அதன் பிறகு தனியாக ஆபீஸ் போகத் தொடங்கினேன். காலனிக்குள்ளேயே பாதி வழி, பெரிய சாலையோரமாகப் பாதி. ஒருநாள் திரும்பும்போது வழியிலிருந்த நர்சரிக்குள் நுழைந்துவிட்டேன். செடிகளைப் பார்த்துக்கொண்டு நேரம் போனது தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சந்திரசேகர் கேட்டான்.

"செடி வாங்கினியா?"

"இல்லை."

"பின்னே எதுக்குப் போனே?"

எதற்கும் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போவது அதுவரை எனக்கு வாய்க்காத ஒன்று. அவனுக்கு அது சின்ன வயதிலிருந்தே வாய்த்திருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் நவராத்திரி முடிவில் ஆயுத பூஜை வந்தது. சுபா இங்கேயே, டெல்லி கரோல் பாகில், பிறந்து வளர்ந்தவள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பண்டிகை என்றால் எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தீவிரம். அன்று காலை என்னைத் திவானில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியைப் பூஜை மூலைக்குக் கொண்டுபோனாள். சக்கரத்தை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் லீவரைத் தளர்த்தித் தள்ளிப்போய், மறக்காமல் லீவரைத் திரும்பப் போட்டாள்; அதை நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்நேகாவின் கம்ப்யூட்டர் எலி, எல்லாவற்றுக்கும் நடுவில் என் நாற்காலி. அரசனைப்போல உட்கார்ந்திருந்தது என்று எழுதலாம்; ஆனால் உட்கார்ந்திருப்பது எப்போதும் நான்தானே. பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து, முதுகில் ஒன்று, இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று, நான்கு சக்கரங்களிலும் நான்கு, பிறகு ஸ்டிக்கின் தலையில் பெரிதாக ஒன்று என்று வைத்தாள். நடுவில் குங்குமம். கேந்திப்பூ மாலை. மேலே தீர்த்தம்.

தண்ணீர் படக்கூடாது என்று என் வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் ஆயுத பூஜை என்றால் அப்பாவின் சைக்கிளுக்குப் பொட்டு உண்டு. அரிவாள்மணைக்கு உண்டு. என் ஜியாமெட்ரி பெட்டிக்குக்கூட உண்டு. என் காலிரும்புக்கு மட்டும் கிடையாது; நான் கழற்றியதும் அது கதவுக்குப் பின்னால் போய்விடும். யாரும் அதை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. அதைப் பூஜையில் வைப்பது நல்லதற்கில்லை என்று நினைத்திருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் நான் அந்தப் பூஜைக்கே வந்து நிற்பேன். இங்கே ஒருத்தி சொல்லாமலே என் நாற்காலியை நடுவில் வைத்துப் பொட்டிடுகிறாள். ஒரு துளித் தண்ணீருக்காக அவள் கையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பூஜைக்கு வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். ஸ்நேகா அன்று முழுக்கப் புத்தகத்தைத் தொடவில்லை. அதற்கென்றே பண்டிகையை விரும்புகிறவள். சந்திரசேகர் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. நான் என் காலை எடுக்கவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை திவானில் இருந்தேன். குளியலறைக்குப் போகச் சுபாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்கு அவளைக் கூப்பிட்டேன். போன் வந்தால் அவள் கொண்டுவந்து கொடுத்தாள். யாருக்கும் இதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்று நானும் இருந்தேன்.

விஜயதசமியன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலில் ஆண்பிள்ளை ஓட்டட்டும் என்று பூவராகவன் சொல்ல, சந்திரசேகர் உட்கார்ந்து ஸ்டிக்கைத் தள்ளினான். ஆமையா முயலா என்று பார்க்காமல் தள்ளியதால் எலுமிச்சம்பழம் நசுங்கி, நாற்காலி போய்ச் சோபாவில் முட்டி நின்றது. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சுபா ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பினேன். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டியிலிருந்த விளக்குகள் படபடவென்று சிமிட்டின. பூவராகவன் வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். "பேட்டரி யக்கா. பனி வந்துட்ச்சில்ல," என்றார். அணைத்து மறுபடி போட்டேன். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஆமையில் வைத்து, சரிவில் இறங்கினேன். அடியில் வந்ததும் வழக்கம்போல ஸ்டிக்கை விட்டேன். நாற்காலி நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல, மெதுவாக, நேராகத் தெருவின் நடுவுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து வலப்பக்கத்திலிருந்து ஸ்கூல் வேன் வந்தது.

ஸ்விட்சை அணைத்தேன். நாற்காலி குலுங்கி நின்றது. பெல்ட் வயிற்றில் அழுத்தியது. என் ஒரு செருப்பு கழன்று வேனின் முன்சக்கரத்துக்கு அடியில் போயிருந்தது. வேன் டிரைவர் தலையை நீட்டி, "மாதாஜி, மர்னா ஹை தோ தூஸ்ரி காடி தேகோ!" என்றான். சாவதென்றால் வேறு வண்டியைப் பாருங்கள் என்று அர்த்தம். உள்ளே இருந்த குழந்தைகள் எனக்குக் கையாட்டின. திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் சந்திரசேகர், முகத்தில் ஷேவிங் சோப்போடு, ரேஸரைப் பிடித்த கை அப்படியே நிற்க, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே நாற்காலிக்குப் போர்வை விழுந்தது. நான் மறுபடி ஸ்கூட்டரில் போனேன். மறுபடி ஆபீஸில் என் தலைக்குமேல் இருந்த விளக்கைக் கடைசியாக அணைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் வந்தவர் போனவரிடமெல்லாம் வீட்டில் சொன்னது ஒரே வாக்கியம்: வண்டி அக்காவை இழுத்துண்டு போயிடுத்து. கேட்டுக்கேட்டு எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. எனக்கு வயது ஆகிறது, கை தடுமாறியிருக்கலாம், ஸ்டிக்கை விட்டதாக நினைத்து விடாமலிருந்திருக்கலாம் என்று நானே யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அந்த நிலைமையில்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"சரி, எழுதறேன்," என்றேன். "மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் வேணும். பெட்டியிலேயே போட்டிருக்கும். நாற்காலியை உள்ளே கொண்டா."

"நான் போய்ப் பாத்துண்டு வரேனே."

"நம்பரை நான்தான் பாக்கணும். போன தடவை கேஸ் கனெக்‌ஷனுக்கு நீ பாத்துச் சொன்ன நம்பர் யாரோ சோப்ரா வீட்டு நம்பர்."

பூவராகவன் "டீக் ஹை, டீக் ஹை" என்று இந்தியில் சரி சொல்லிக்கொண்டு எழுந்து அவனோடு போனார். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்து திவானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். போர்வையை நான் எடுத்தேன். பெட்டியின் அடிப்பக்கம் நம்பர் இருந்தது. அதைக் குனிந்து படிக்கும்போது முழங்கை ஸ்டிக்கில் பட்டது. கையை எடுத்த பிறகும் ஸ்டிக் சாய்ந்த இடத்திலேயே நின்றது.

நிமிர்த்தினேன். மறுபடி முன்னால் சாய்த்து விட்டேன். பாதிதான் திரும்பி வந்தது.

ஸ்விட்சைப் போடும்போது ஸ்டிக் நடுவில் இல்லாவிட்டால் விளக்குகள் சிமிட்டும் என்று புத்தகத்தில் இருந்தது நினைவு வந்தது. பேட்டரி இல்லை. கையும் இல்லை. ஸ்டிக்கின் அடியைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை உண்டு; தூசியும் ஈரமும் போகாமலிருக்க. அதன் ஒரு விளிம்பு தூக்கியிருந்தது. விரல் நகத்தால் மடிப்பை விலக்கினேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. வாசனை தானாக வந்தது.

தலையை நிமிர்த்தினேன். சுபா படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாசனை போயிருக்கவேண்டும். அல்லது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

சொல்லிவிட்டால் என் கை தப்பும். சொன்னால் பழி அவள்மேல் விழும். அந்த இரண்டையும் நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்திரசேகர் கேட்டான்.

"என்ன அக்கா, நம்பர் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நீ இங்க வந்து இந்த ஸ்டிக்கைத் தள்ளி விட்டுப் பாரு."

அவன் தள்ளினான். விட்டான். மறுபடி தள்ளினான். "இது என்ன, திரும்பி வரலை? உள்ளே மஞ்சளா என்னமோ இருக்கே."

"க்ரீஸு," என்றார் பூவராகவன் உடனே. "ஃபாரின் க்ரீஸு மஞ்சளாத்தான் இருக்கும்."

"சந்தனம்," என்றாள் சுபா. "ஆயுத பூஜைக்கு நான்தான் வச்சேன். துடைக்கறச்சே உள்ளே போயிருக்கு."

சந்திரசேகர் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்க்க விரும்பவில்லை.

"வண்டிக்குச் சந்தனம் வைக்கறதுதான். அதுல தப்பில்ல," என்றேன். "நான் பாத்துண்டுதான் இருந்தேன். அடுத்த வருஷம் முதுகுல வைக்கட்டும். அங்க எவ்வளவு வேணாலும் வைக்கட்டும். எனக்கும் அது பிடிச்சுதான் இருந்தது."

"சாமி காரியம்," என்றார் பூவராகவன். "அதான் ஒண்ணும் ஆவல. சாமியே நிறுத்திட்ச்சி."

"நான் நிறுத்தினேன் பூவராகவன்."

அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போலும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வண்டி இழுத்துண்டு போச்சுன்னு ஒரு வாரமா எல்லார்கிட்டயும் சொல்றேள். வாஸ்தவம், போச்சு. நின்னதை ஒருத்தரும் சொல்லலை. ஸ்டிக் கேக்கலைன்னா ஸ்விட்சை அணைக்கணும்னு எனக்குத் தெரியும். அணைச்சேன். ஸ்டிக் பின்னாடி இருந்திருந்தா, பின்னாடி நிக்கறவாளுக்கு அது தெரிஞ்சிருக்குமா? விஜயதசமி அன்னிக்கு நீ ஓட்டினியே சேகர், சோபாவில போய் முட்டினப்போ ஸ்விட்ச் எங்கேன்னு தேடினியா?"

சந்திரசேகர் பிரம்பு நாற்காலிக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தான். "சந்தனம் இந்த வருஷம்," என்றான். "அடுத்த வருஷம் வேற ஏதாவது இருக்கும். வயர் அறுந்துபோகும். பள்ளம் இருக்கும். அந்த வேன் சக்கரத்தை நீ பாக்கலை அக்கா. நீ ஸ்விட்சைப் பாத்துண்டிருந்தே. நான் சக்கரத்தைப் பாத்தேன். செருப்பு உள்ளே போறதைப் பாத்தேன்."

அவன் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஒரு பயத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அது போகாது. காரணம் பெட்டிக்குள் இருந்தது. பயம் அவனுக்குள் இருந்தது.

சுபாதான் பேசினாள். எழுந்து வந்து நாற்காலியின் பின்னால் நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஸ்டிக்கை இங்க மாத்தறோம். அச்சா. இங்க யார் நிக்கப் போறா?"

"நான்," என்றான் சந்திரசேகர்.

"நீங்க ஒன்பது மணிக்கு உங்க ஆபீஸுக்குக் கிளம்பணும். அக்காவுக்கு ஆபீஸ் ஒன்பதரை. சாயங்காலம் நீங்க வரச்சே ஏழாறது. நடுவுல பாத்ரூம் இருக்கு, ஆபீஸ்ல ஃபைல் எடுக்கணும், கேண்டீனுக்குப் போகணும். அங்கல்லாம் யாரு?"

"ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்."

"ஏற்பாடுன்னா நான்தான். வேற யார் இருக்கா? ஆயுத பூஜை அன்னிக்கு ஒரே ஒரு நாள் நாற்காலி நின்னுது. அக்கா தண்ணி கேட்டா, நான் ஓடினேன். கண்ணாடி கேட்டா, ஓடினேன். ஃபேனைக் குறைக்கச் சொன்னா, ஓடினேன். சாயங்காலம் எனக்குக் கோவமே வந்துடுத்து. பண்டிகை நாளாச்சேன்னு காட்டிக்கலை." என் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்கோ அக்கா, நெஜமாவே வந்தது."

"எனக்கும் வந்தது," என்றேன். "எம்மேலயே."

"அப்போ தினமும் ஆயுத பூஜை கொண்டாடறதுக்கா லெட்டர் எழுதறோம்?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

பூவராகவன் சோபாவில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கேள்வி கரெக்டுதான் சார்," என்றார். பிறகு, தான் யார் பக்கம் என்று அவருக்கே சந்தேகம் வந்ததுபோல, குக்கர் அடிப்பிடிக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். சுபா உள்ளே ஓடினாள்.

நான் நாற்காலிக்குப் போர்த்தியிருந்த விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். சந்திரசேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் தோற்ற விளையாட்டுகளில்கூட அவன் இப்படி உட்கார்ந்ததில்லை. இது அவன் தோற்றதுபோலவும் எனக்குப் படவில்லை.

"சேகர், இப்படிச் செய்யலாம்," என்றேன். "புது உறை வரவரைக்கும் நான் தெருவுல இறங்க மாட்டேன். இதை இன்னிக்குச் சுத்தம் பண்ணினாலும் வீட்டுக்குள்ளேதான். வந்து மாட்டினப்புறம், தினம் வராந்தாவிலேயே ஸ்விட்சைப் போடறதுக்கு முன்னாடி ஸ்டிக்கை நாலு பக்கமும் சாய்ச்சு விட்டுப் பாக்கறேன். நடுவுக்கு வந்தாத்தான் சரிவுல இறங்குவேன். விளக்கு ஒரு தடவை சிமிட்டினாலும் அன்னிக்கு லீவு."

"நான் பாக்கணும்."

"பாரு."

"தினமும் பாப்பேன்."

"சீக்கிரம் ஷேவ் பண்ணிட்டு வந்து பாரு. தொடாதே."

அவன் எழுந்துபோய் என் எழுத்துப் பலகையையும் பேனாவையும் எடுத்துவந்து திவானில் வைத்தான். ஒப்புக்கொண்டானா, அல்லது முன்பு சொன்ன நாலு வரிக்கடிதத்தைத்தான் இன்னும் எதிர்பார்க்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

எழுதினேன். மேலே என் முகவரி, அதன்கீழே அவர்கள் முகவரி, தேதி, மாடல் நம்பர், சீரியல் நம்பர். பள்ளிக்கூடத்தில் கற்ற ஒழுங்கு அது. ஆங்கிலத்தில் எழுதினாலும் கை அதே இடங்களில்தான் போய் நிற்கும். முதல் பத்தியில் நடந்ததை எழுதினேன். வீட்டில் நடந்த ஒரு பூஜையின்போது சந்தனம் என்ற ஒரு பசை ஸ்டிக்கின் உறைக்குள் போய்க் காய்ந்து, ஸ்டிக் தானாக நடுவுக்குத் திரும்பாமல் போயிற்று, நாற்காலியில் குறையில்லை. இரண்டாம் பத்தியில், புதிய ரப்பர் உறை ஒன்றும், பழையதை எப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது என்ற குறிப்பும் வேண்டும் என்று கேட்டேன். கூடவே, இந்த நாட்டில் இன்னும் பல வீடுகளில் இதேபோல் நடக்கலாமாதலால், உங்கள் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் தண்ணீரோடு சந்தனம், குங்குமத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். மூன்றாம் பத்தியில் சற்று நின்றேன்.

பூவராகவன் ரசம் வாசனை வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபா தட்டுகளை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

என் சகோதரர் தொலைபேசியில் விசாரித்த மாற்றம் தேவையில்லை, கட்டுப்பாட்டுப் பெட்டி இப்போது இருக்கும் இடத்திலேயே, வலது கையருகே இருக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காகிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். கோந்து தடவி மடிப்பை விரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது சந்திரசேகர் பக்கத்தில் வந்து நின்றான்.

"வேண்டாம்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். கோந்து இன்னும் ஈரமாக இருந்ததால் அவனும் ஒருமுறை ஓரத்தை அழுத்தினான். முகவரியைப் படித்தான். மும்பை பின்கோடை உதட்டுக்குள் சொல்லிப்பார்த்தான்.

"சாதாரணத் தபால்ல போட்டா போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகும். அப்புறம் அவா எப்போ அனுப்பறது, நீ எப்போ போறது," என்றான். "நாளைக்குக் கார்த்தால சரோஜினி நகர்ல ஸ்பீட் போஸ்ட் பண்ணிடறேன்."

மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னதாகவே என்னை ஆபீஸில் விட்டுவிட்டுத் தபாலாபீஸுக்குக் கிளம்பிவிட்டான். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மத்தியானம் தன் ஆபீஸிலிருந்து போன் செய்து, அனுப்பிய ரசீதின் நம்பரை எனக்குப் படித்துச் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன்.